ஒரு நாலரை ஏக்கர் தோட்டமும் அதன் ருசியும்

எங்க ஊர்ல ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பேர் உண்டு. கிணத்துத் தோட்டம், புளியமரத்துக் காடு, பள்ளத்துத் தோட்டம், கோயில் வயல். பத்திரத்தில் சர்வே நம்பர்தான் இருக்கும். ஆனால் ஆள் கூப்பிடும்போது "நாளைக்குப் பள்ளத்துத் தோட்டத்துக்கு வந்துருப்பா" என்றுதான் சொல்வோம். எந்தத் தோட்டத்துத் திராட்சை இனிக்கும், எது தண்ணியா இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனா அந்தப் பேரெல்லாம் வேலி வரைக்கும்தான். பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏத்தினதும் எல்லாம் ஒண்ணாக் கலந்து 'கம்பம் பன்னீர்' ஆகிவிடும். அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது நல்ல விஷயம்தான். இருந்தாலும் பட்டணத்தில் வாங்கிச் சாப்பிடுகிற உங்களுக்கு, அது எந்த மண்ணில் விளைந்தது என்று தெரிய வழியே இல்லை.

நிலத்தின் பேர் வேலியைத் தாண்டி, கடல் தாண்டி, சாப்பிடுகிறவன் மேஜை வரைக்கும் போன கதை ஒன்று உண்டு. பிரான்ஸ் நாட்டில் பர்கண்டி என்கிற பகுதியில் வோன் ரொமானே என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே ரொமானே கோந்தி என்று ஒரு திராட்சைத் தோட்டம். அளவு 1.81 ஹெக்டேர். நாலரை ஏக்கருக்கு ஒரு துளி குறைவு. நம்ம சர்க்கார் கணக்குப்படி ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் அது சிறு விவசாயி நிலம்! அந்த நிலத்துப் பழத்தில் சிவப்பு ஒயின் செய்கிறார்கள். பக்கத்து நிலத்துப் பழம் ஒன்றுகூட அதில் சேராது. வருஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில்தான். ஒரு பாட்டில் விலைக்கு ஒரு புது டிராக்டர் எடுத்துவிட்டு மீதிக் காசுக்குக் கலப்பையும் வாங்கலாம்.

நான் அதைக் குடித்ததில்லை. குடிக்கவும் போவதில்லை. ராத்திரி மோட்டார் ஓடுகிற நேரத்தில் கொட்டாயில் உட்கார்ந்து செல்போனில் படித்துப் படித்துச் சேர்த்த சேதி இது. திராட்சைக்காரன் என்பதால் எனக்கு இதில் ஒரு பைத்தியம்.

முதலில் கணக்கைப் பாருங்க. அங்கே பந்தல் கிடையாது. மீட்டருக்கு ஒரு செடி, இடுப்பு உயரம். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் செடி என்றால் மொத்தம் பதினெட்டாயிரம் செடி. ஆறாயிரம் பாட்டிலுக்கு வகுத்தால் மூணு செடிக்கு ஒரு பாட்டில். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான் பழம் வேணும். அப்ப ஒரு செடிக்கு அரைக் கிலோகூட இல்லை. எங்க பந்தலில் ஒரு கொடி அவ்வளவுதான் காய்ச்சா வெட்டி அடுப்புக்குப் போட்டிருவோம். அங்கே அப்படிக் குறைவாகக் காய்க்க வைப்பதே வேலை. கவாத்திலும் காய் கழிப்பதிலும் அதற்குத்தான் இவ்வளவு மெனக்கெடு.

இந்தப் புத்தி நேற்று வந்ததில்லை. 1395-ல் பர்கண்டியை ஆண்ட பிலிப் என்கிற கோமகன் ஒரு உத்தரவு போட்டான். அப்போது கமே என்று ஒரு ரகம் பரவிக்கொண்டிருந்தது. கொத்துக் கொத்தாகக் காய்க்கும், சீக்கிரம் பழுக்கும். பினோ நுவார் என்கிற பழைய ரகம் அப்படி இல்லை. சின்னக் கொத்து, மெல்லிய தோல், பனிக்கும் நோய்க்கும் பயந்த செடி. கோமகன் கமேயை விசுவாசம் இல்லாத கெட்ட செடி என்று திட்டி, பிடுங்கி எறியச் சொன்னான். தொழு உரம் போட்டு விளைச்சலைக் கூட்டுவதையும் தடுத்தான். இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கொள்ளைநோய் வந்து ஊரெல்லாம் ஆள் செத்துப்போன காலம் முடிந்து, மிச்சம் இருந்த குடியானவன் நாலு காசு பார்த்ததே கமேயால்தான். கோமகனுக்கு ஊர்ப் பேர் முக்கியம், குடியானவனுக்குக் கஞ்சி முக்கியம். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் எனக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் பர்கண்டி சிவப்பு ஒயின் என்றால் பினோ நுவார் என்று ஆனதில் அந்த உத்தரவுக்குப் பெரிய பங்கு உண்டு.

நிலத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலையை மடத்துத் துறவிகள் செய்தார்கள். சித்தோ மடம் 1098-ல் ஆரம்பித்தது. அவர்களுக்குக் கூலியும் வட்டியும் கவலை இல்லை, காலமும் நிறைய. இந்த வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ருசி, அந்தப் பக்கம் ஒரு ருசி என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் குறித்து, கல் சுவர் எழுப்பினார்கள். மண்ணை வாயில் போட்டுப் பார்த்தே பிரித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதை என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப் பேர் வைத்துப் பிரிந்த ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அங்கே 'க்ளிமா' என்று சொல்லுவாங்க. 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்ட பட்டியலில் 1,247 க்ளிமா இருக்கு. 1,247 காட்டுப் பேர்!

நம்ம நாலரை ஏக்கர் சென் விவான் என்ற மடத்திடம் இருந்தது. 1584-ல் கைமாறியது. 1631-ல் குரூனம்பூர் என்ற குடும்பத்துக்கு வந்தது. அவர்கள் காலத்தில்தான் ரொமானே என்ற பேர் வந்தது. 1760-ல் லூயி பிரான்சுவா என்கிற கோந்தி இளவரசர் பெரிய விலை கொடுத்து வாங்கினார். மன்னரின் அந்தரங்கத் தோழி பொம்பதூர் அம்மையாருக்கும் இவருக்கும் போட்டி என்றும், அம்மையாரை முந்திக்கொண்டு இவர் வாங்கினார் என்றும் சொல்வார்கள். வாங்கினவர் செய்த முதல் காரியம், ஒயினைச் சந்தைக்கே விடாமல் தன் விருந்து மேஜைக்கு மட்டும் வைத்துக்கொண்டது. கிடைக்காத சரக்குக்குத்தான் பேர் ஏறும். பிறகு புரட்சி வந்து நிலம் பறிமுதல் ஆனது. 1794-ல் ஏலம் விட்டபோது இளவரசர் பேரையும் ஒட்டவைத்து விற்றார்கள். அன்றிலிருந்து ரொமானே கோந்தி. இளவரசர் ஒரு செடிகூட நட்டிருக்க மாட்டார், பேர் மட்டும் அவருக்கு.

பிறகு வந்தது பூச்சி. 1860-களில் அமெரிக்கச் செடிகளோடு பிலாக்சரா என்கிற வேர்ப்பேன் ஐரோப்பாவுக்கு வந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி, வேரை உறிஞ்சியே பிரான்ஸ் திராட்சையில் பெரும்பகுதியைக் கொன்றது. அதே அமெரிக்காவிலிருந்து அடிச்சாம்பல் நோயும் வந்தது. அதற்கு மருந்தாகக் கண்டுபிடித்ததுதான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. எங்க ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்கும் அந்தப் பேர் தெரியும். அது பிரான்சில் ஒரு ஊர்ப் பேர் என்றுதான் தெரியாது.

வேர்ப்பேனுக்கு வழி, அது தின்ன முடியாத அமெரிக்க வேரில் ஐரோப்பியக் குச்சியை ஒட்டுக் கட்டுவது. ஊரே ஒட்டுச்செடிக்கு மாறியபோது ரொமானே கோந்திக்காரர்கள் மட்டும் மாறவில்லை. அங்கே செடியைப் புதிதாக நடுவதே வழக்கம் இல்லை. பழைய செடியின் கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போடுவார்கள். அது வேர் விட்டு அடுத்த செடி. அப்படிப் பதியனுக்குப் பதியனாக நூற்றாண்டுகளைத் தாண்டி வந்த வேர். அதைக் காப்பாற்ற மண்ணுக்குள் ஊசி போட்ட மாதிரி கார்பன் டைசல்பைடு மருந்தைச் செலுத்திக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மருந்தும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. செடிகள் ஓய்ந்துபோயின. 1945-ல் மொத்த நாலரை ஏக்கரிலும் கிடைத்தது ஏறக்குறைய 600 பாட்டில். அந்த அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கினார்கள்.

அந்தத் தோட்டத்து வம்சத்துக் குச்சிகளையே ஒட்டுக் கட்டி 1947-ல் நட்டார்கள். 1946 முதல் 1951 வரை அந்தப் பேரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை. இளஞ்செடிப் பழத்துக்கு அந்தப் பேர் வைக்க மனசு வரவில்லை. 1952-ல்தான் மறுபடி. ஆறு வருஷம் வருமானம் இல்லாமல் ஒரு நிலத்தை வைத்திருப்பது எவ்வளவு பாடு என்பது விவசாயிக்குத் தெரியும். மற்ற தோட்டங்களும் கையில் இருந்ததால் தாங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

சரி, ருசிக்கு வருவோம். ஒயின் ருசி பார்ப்பது என்றால் சினிமாவில் கோட்டுப் போட்டவர் கண்ணை மூடிக் கண்ணாடியைச் சுழற்றுவதுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா அந்தப் பழக்கம் பாதாள அறையில் வேலை செய்தவர்களிடமிருந்து வந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நிறம் தெரியாது. அதனால் பர்கண்டியில் தஸ்தவான் என்று ஒரு தட்டையான வெள்ளிக் கிண்ணம் வைத்திருந்தார்கள். அடிப்பக்கம் குழிகுழியாக இருக்கும். வெளிச்சம் அந்தக் குழிகளில் பட்டுத் திரும்பி, ஒயின் தெளிவா, கலங்கலா, நிறம் எப்படி என்று காட்டும். நாம் வெல்லப் பாகை விரலில் தொட்டுப் பதம் பார்க்கிற மாதிரி, அது தொழில்.

பினோ நுவார் ஒயின் அடர்ந்த கறுப்பாக இருக்காது. கண்ணாடியைச் சாய்த்தால் அந்தப் பக்கம் விரல் தெரியும். வயசாக ஆக ஓரத்தில் செங்கல் நிறம் ஏறும். கண்ணாடியை மெதுவாகச் சுழற்றுவது மணம் எழும்ப. மூக்குக்குத்தான் முதல் வேலை. வாயில் ஊற்றியதும் கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுத்து நாக்கு முழுக்கப் பரவ விடுவார்கள். புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, துவர்ப்பு நாவல்பழம் மாதிரி வாயைக் கட்டுதா, பட்டு மாதிரி நழுவுதா என்று பார்ப்பார்கள். விழுங்கின பிறகு ருசி எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுவார்கள். ஒரு நொடிக்கு ஒரு 'கோதலி' என்று அளவே வைத்திருக்கிறார்கள்.

ரொமானே கோந்தியைக் குடித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரு மணம்: வாடத் தொடங்கின ரோஜா இதழ். எங்க திராட்சைக்குப் பன்னீர் என்று பேர் வந்ததும் ரோஜாத் தண்ணி வாசத்தால்தான். இரண்டும் வேறு வேறு ரகம், ஆனாலும் அதைப் படித்தபோது எழுந்து போய் ஒரு கொத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லக்கூடியது என்னவென்றால், நடுவில் ஒரு வண்டித்தடம் மட்டும் இருக்கிற பக்கத்துத் தோட்டங்களும் அதே ரகம், கவனிப்பவரும் சில இடத்தில் அதே ஆட்கள், ஆனாலும் விலை பல மடங்கு வித்தியாசம். அதில் பாதி மண், பாதி பேர் என்பது என் கணக்கு. சுண்ணாம்புப் பாறை மேல் செம்பழுப்புக் களிமண், கிழக்கே பார்த்த லேசான சரிவு, தண்ணி தேங்காது, வறண்டும் போகாது. மழையில் கீழே இறங்குகிற மேல்மண்ணைக் கூடையில் அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டுவது அந்தச் சரிவு முழுக்கப் பழைய வழக்கம்.

பரிமாறுவதிலும் எல்லாம் அந்த மணத்தைக் காப்பாற்றத்தான். புத்தகத்தில் சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடு என்று போட்டிருக்கும். அது குளிர்கால ஐரோப்பாவில் கல்வீட்டு அறை. சென்னையில் முப்பது டிகிரி அறையில் வைத்தால் சாராய நெடிதான் மேலே வரும். இந்த மாதிரி ஒயினுக்கு 15 முதல் 17 டிகிரி சரி. நம்ம வீட்டில் என்றால் அரைமணி, முக்கால்மணி பிரிட்ஜில் வைத்து எடுக்கணும். பழைய பாட்டிலை ஒரு நாள், இரண்டு நாள் முன்னாடியே நிமிர்த்தி வைப்பார்கள், வண்டல் அடியில் இறங்க. குலுக்காமல், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரே சீராக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடணும். போர்டோ ஊர்ச் சிவப்பு ஒயினை வேறு குடுவையில் ஊற்றிக் காற்றாட விடுவது வழக்கம். பர்கண்டிக்காரர்களில் பலர் பழைய ஒயினுக்கு அதைச் செய்ய மாட்டார்கள், மணம் பறந்துவிடும் என்பார்கள். கண்ணாடி வயிறு பெருத்ததாக இருக்கணும், மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றணும். மேலே இருக்கிற வெற்றிடம் வாசத்துக்கு. இளசு முதலில், பழசு பிறகு. எளிசு முதலில், பெரிசு பிறகு. கச்சேரியில் பெரிய வித்வானைக் கடைசியில் வைப்பது போல.

கூடச் சாப்பிட என்ன? பர்கண்டிச் சமையல் குடியானவன் சமையல். உழுது கிழடான மாட்டுக் கறியைச் சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகவைப்பது, கிழட்டுச் சேவலை அதே மாதிரி செய்வது, முட்டையை ஒயின் குழம்பில் போடுவது. இதெல்லாம் ஊர் ஒயினுக்குப் பொருத்தம். கறியின் கொழுப்பும் சத்தும் துவர்ப்பை அடக்கும். ஆனால் ரொமானே கோந்தி மாதிரி மெல்லிய பழைய ஒயினுக்கு எளிமையான சாப்பாடுதான் நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்: நெருப்பில் வாட்டின கோழி, வாத்து, காளான். அந்த ஊரிலேயே எப்வாஸ் என்று ஒரு பாலாடைக்கட்டி இருக்கு, வாசம் தெருமுனைக்கு வரும். அது பக்கத்தில் இருந்தால் பழைய ஒயின் வாயே திறக்காது. நம்ம மிளகாய்க் காரத்துக்கும் இது ஆகாது. காரத்தின் மேல் சாராயம் எரியும், துவர்ப்பு முரடாகும். மட்டன் சுக்காவுக்கு இந்த மாதிரி பாட்டிலைத் திறக்கிறவனைப் பார்த்தால் எனக்கு அந்த மூணு செடி மேல்தான் பரிதாபம் வரும்.

இந்த விருந்துப் பழக்கங்கள் பலதும் வசதியில் பிறக்கவில்லை. அறுவடை முடிந்ததும் வேலைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் 'போலே' என்ற பழைய வழக்கம் தேய்ந்துபோயிருந்தது. 1923-ல் மெர்சோ கிராமத்தில் ழூல் லஃபோன் அதை மறுபடி தொடங்கினார். இன்றைக்கும் வருகிறவர்கள் தங்கள் பாட்டிலைக் கொண்டுவந்து பகிர்ந்துகொள்கிறார்கள். 1934-ல் உலக மந்தம், ஒயின் வாங்க ஆள் இல்லை. அப்போது நுயி ஊர்க்காரர்கள் சிலர், காசுக்குத்தான் யாரும் வாங்கவில்லை, நண்பர்களைக் கூப்பிட்டுச் சும்மாவாவது குடிக்க வைப்போம் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தஸ்தவான் கிண்ணத்தின் பேரையே அதற்கு வைத்தார்கள். உலகம் பூரா பர்கண்டிப் பேரைக் கொண்டுபோனதில் அந்த விருந்துகளுக்குப் பங்கு உண்டு. விலை கிடைக்காத வருஷம் நாங்க தக்காளியை ரோட்டில் கொட்டுவோம். இப்படி ஒரு யோசனை யாருக்கும் வந்ததில்லை.

பேர் அவ்வளவு பெரிசானால் திருடனும் வருவான். அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்று ஒருத்தர். அபாரமான நாக்கு, ரொமானே கோந்தி மேல் அவ்வளவு பிரியம் என்பதால் 'டாக்டர் கோந்தி' என்றே கூப்பிட்டார்கள். விருந்து முடிந்ததும் காலிப் பாட்டில்களை ஹோட்டல்காரர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். வீட்டுச் சமையலறையில் வேறு ஒயின்களைக் கலந்து அதில் அடைத்து, பழைய மாதிரி லேபிள் ஒட்டி, லட்சக்கணக்கான டாலருக்கு விற்றார். பெரிய பெரிய ருசிக்காரர்கள் குடித்துப் பார்த்துச் சபாஷ் போட்டார்கள். நாக்கு அவரைப் பிடிக்கவில்லை. பிடித்தது ஒரு திராட்சைக்காரர். 2008-ல் நியூயார்க் ஏலத்துக்கு, வோன் ரொமானேக்குப் பக்கத்துக் கிராமங்களில் ஒன்றைச் சேர்ந்த போன்சோ குடும்பத்தின் பேரில், ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் 1945 முதலான பாட்டில்கள் வந்தன. லொரான் போன்சோ விமானம் ஏறிப் போய் நிறுத்தினார். காரணம் ரொம்ப எளிசு: அவர் குடும்பம் அந்தத் தோட்டத்தில் ஒயின் செய்ய ஆரம்பித்ததே 1982-ல்தான். 2012-ல் கைது, 2014-ல் பத்து வருஷத் தண்டனை.

2010-ல் இன்னொரு கூத்து. பத்து லட்சம் யூரோ கொடு, இல்லாவிட்டால் செடிகளை விஷம் வைத்துக் கொல்வேன் என்று ரொமானே கோந்திக்கு மிரட்டல் கடிதம். வெறும் மிரட்டல் இல்லை, செடியில் துளை போட்டு விஷம் ஏற்றியும் காட்டினார்கள். போலீஸ் பிடித்துவிட்டது. ஒரு நிலத்தைப் பிணையாகப் பிடித்து ஆள் கடத்துகிற மாதிரிப் பணம் கேட்டார்கள் என்று நான் படித்தது இது ஒன்றுதான்.

2018-ல் அந்த 1945-ம் வருஷப் பாட்டில் ஒன்று நியூயார்க்கில் 5,58,000 டாலருக்கு ஏலம் போனது. அது ஒட்டுக் கட்டாத அந்தப் பழைய வேரின் கடைசிப் பழம். ஆனால் வாங்கினவர் அதைத் திறந்து குடிக்கப் போகிறாரா, பெட்டியில் பூட்டப் போகிறாரா? எனக்குப் பிந்தினதுதான் என்று தோணுது.

அங்கே இப்போதைய கவலை வேறு. பக்கத்தில் போன் என்கிற ஊரில் அறுவடைத் தேதிகளை 1354-லிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். 2019-ல் வெளிவந்த ஆய்வுப்படி, 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முன்னால் வருகிறது. வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும், ஒயினில் சாராயம் கூடும். அந்த மெல்லிய மணம் நிற்பதே புளிப்பின் மேல்தான். முன்பெல்லாம் வெயில் பட வேண்டும் என்று கொத்தைச் சுற்றி இலை கிள்ளுவார்கள். இப்போது நிழலுக்காக இலையை விட்டுவைப்பதும் உண்டு. செப்டம்பர் கடைசியில் நடக்க வேண்டிய அறுவடைக்கு, 2003-ல் ஆகஸ்ட் மாசமே கத்தரியோடு தோட்டத்தில் இறங்கிவிட்டார்கள்.